இரண்டு நாள் எக்ஸ்டென்ஷன்

“ஹெதர், எனக்கு ரெண்டு நாள் எக்ஸ்டென்ஷன் வேணும்.”

“எதுக்கு டார்சி?”

“கொஞ்சம் வேலை மாட்டிக்கிச்சு.”

ஐந்து மணிக்குள் கட்டுரையை அனுப்பியாக வேண்டும். மணி நாலரை. கல்லூரியில் பாடம் நடத்தும் ஹெதர், கடைசி நேரத்தில் ஃபோன் செய்யும் மாணவர்களின் இந்த மாதிரிக் குரல்களை நிறையக் கேட்டிருக்கிறாள்.

“அங்க என்ன இரைச்சல்? எங்க கூத்தடிச்சிட்டிருக்கே?”

“பசங்களோடதான் இருக்கேன்.”

“காட்டுத் தீ வருதுன்னு எங்க தெருவையே காலி பண்ண வெச்சுட்டாங்க. வீடு இருக்கா போச்சான்னே தெரியாம, ஊர் மண்டபத்துத் தரையில உக்காந்து உங்க கட்டுரையைத் திருத்திக்கிட்டிருக்கேன். நான் ஏதாவது சாக்குச் சொன்னேனா?”

மறுமுனையில் இருமல் கேட்டது. “வீடு இருக்கும் ஹெதர்.”

“நீ என்ன ஜோசியனா? எக்ஸ்டென்ஷன் கிடையாது.”

“சரி, பரவாயில்லை. நீங்களும் நோயலும் பத்திரமா இருங்க.”

பக்கத்தில் டீக்கோப்பையோடு உட்கார்ந்திருந்த கணவன் நோயல் சிரித்தான். “நம்ம வீட்டுக்குப் பின்னாடி எக்ஸ்டென்ஷன் கட்ட வந்த பில்டருக்கு எட்டு மாசம் எக்ஸ்டென்ஷன் குடுத்தே. சின்னப் பையனுக்கு ரெண்டு நாள் கூடாதா?”

“பில்டர் பாதியில விட்டுட்டு ஓடிடுவானோன்னு பயம். இவன் எங்க ஓடப் போறான்?”

மறுநாள் காலையில்தான் தெருவுக்குள் போக அனுமதித்தார்கள். இருபுறமும் யூகலிப்டஸ் மரங்கள் கரிக்கட்டையாக நின்றன. பக்கத்து வீட்டில் புகைபோக்கி மட்டும்தான் மிச்சம். அவர்கள் வீடு மட்டும், ஒரு ஜன்னல் கண்ணாடி விரிசலோடு, அப்படியே நின்றது. ஹெதர் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தொண்டர் தீயணைப்புப் படையின் தலைவர் லெஸ், முகமெல்லாம் கரியோடு வண்டியிலிருந்து இறங்கி வந்தார்.

“எப்படி லெஸ் இது மட்டும் தப்பிச்சுது?”

“எங்க பையன் ஒருத்தன். நேத்து மத்தியானம் ஏறினவன், இருட்டற வரைக்கும் உங்க கூரையை விட்டு இறங்கவே இல்லை. காத்துல வந்து விழுற நெருப்பை எல்லாம் அணைச்சுக்கிட்டே இருந்தான்.”

“யாரு? அவன் கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும்.”

“பேரைச் சொல்லக்கூடாதுன்னுட்டான். ஆனா ஒரு கூத்து கேளுங்க,” என்று சிரித்தார் லெஸ். “நாலரை மணிக்கு, நெருப்பு நாலு பக்கமும் சுத்தி நிக்கும்போது, ‘எக்ஸ்டென்ஷன் வேணும்’னு கூரை மேலேருந்து குரல் வந்துது. அவன் யாரோடயோ ஃபோன்ல பேசறான்னு தெரியாம, நான் இழுத்தா நீளுற எக்ஸ்டென்ஷன் ஏணியைத் தூக்கிட்டு ஓடினேன்!”