ஆறுக்கு அடுத்தது

பேருந்தில் போனைப் பறிகொடுத்த தையல்காரிக்கு, அதிலிருந்த அளவுகள்தான் பெருங்கவலை. நாற்பது பள்ளிச் சீருடைகள், திங்கட்கிழமை கெடு. அளவெல்லாம் அவளுடைய இணையக் கணக்குக்குள் பத்திரமாகப் பூட்டிக் கிடந்தன.

புதுப் போன், புது நம்பரோடு மத்தியானம் மகள் உட்கார்ந்தாள். கணக்கைத் திறக்கும் ரகசிய எண்ணை எந்த நம்பருக்கு அனுப்புவது என்று திரை கேட்டது. பழைய நம்பர் திருடனிடம். கணக்கில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று.

"இது அப்பா நம்பராச்சே!"

"அதை நிறுத்தி ஆறு வருஷமாச்சுடி. ஆளே போய்ச் சேர்ந்தாச்சு, நம்பர் மட்டும் இருக்குமா?"

மகளின் விரல் அதற்குள் அமுக்கிவிட்டது.

புதுப் போன் அடித்தது; மகள் ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் புது நம்பரை அவர்கள் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

"நாலு, ரெண்டு, ஆறுக்கு அடுத்தது, ஒம்பது," என்று சொல்லிவிட்டு வைத்தது ஓர் ஆண் குரல்.

தையல்காரி போனை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். புருஷனுக்குத் திக்குவாய்; 'ஏழு' மட்டும் நாக்கில் ஏறவே ஏறாது. கடையில் அவர் அளவெடுத்துச் சொல்ல, அவள் எழுதுவாள். "இடுப்பு, இருபத்தாறுக்கு அடுத்தது" என்பார். அவள் "ம்" கொட்டினால்தான் அடுத்த அளவுக்குப் போவார்.

மகள் 4279 என்று அடித்தாள். எண் சரி என்றது திரை. பாதுகாப்புக்காக இன்னொரு எண்ணும் அனுப்பியிருக்கிறோம் என்றது.

போன் அடிக்கவில்லை.

"இந்தத் தடவை போன் வரலையேம்மா."

வாசல் கதவை யாரோ தட்டினார்கள்.

"ஆறுக்கு அடுத்தது," என்றது வெளியிலிருந்து. பிறகு ஒரு "ம்" வரட்டும் என்று காத்திருந்தது.

தையல்காரி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.