துணைக்கு ஒரு மாத்திரை

சிரிப்பு இருக்கிறது, கடைசியில். அதுவரை மல்லசமுத்திரம் தங்கசாமியை நீங்கள் மனதாரத் திட்டிக்கொள்ளலாம்.

வாரம் ஒரு மாத்திரை; ஞாயிறு காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடுவார்.

“ஏம் புள்ள செல்லாயி, மாத்திரையப் போட்டயா? டம்ளர் நெறையத் தண்ணி குடி! அரை மணி நேரம் படுக்கக் கூடாதுன்னு நர்சம்மா சொன்னது மறந்துபோச்சா?”

“நீங்க போட்டீங்களா மாமா?”

“போடாம? இந்தா பாரு!” விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டுவார். எல்லாம் பெண்டாட்டிக்குத் துணைக்கு.

ஒரு வருடமாக இந்தக் கூத்துதான். செல்லாயிக்கு எலும்பு தேய்மானம் என்று ஊருக்கே தண்டோரா போட்டிருந்தார்.

போன வருடம் மாட்டுக் கொட்டகையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர் என்னவோ தங்கசாமிதான். கட்டுப் போட்ட சேலத்து ஆஸ்பத்திரியில், ஒருமுறை எலும்பு முறிந்தவருக்கு மறுபடி முறியாமல் பார்த்துக்கொள்ளவே ஒரு பிரிவு. அங்கே நர்ஸ் சௌமியா.

“லேசா விழுந்ததுக்கே ஒடஞ்சிருக்குதுங்கய்யா. அடுத்தது இடுப்புன்னா எந்திரிக்கறதே கஷ்டம். ஸ்கேன் ஒன்னு எடுத்துரலாங்களா?”

“எலும்பு தேயறதெல்லாம் பொம்பளைங்க சீக்கும்மா! நான் போர் போடற ரிக் வண்டியில இருபத்தஞ்சு வருசம் பாறையத் தொளைச்சவன்!”

“எனக்குத்தாங்க இடுப்பு வலி” என்றாள் செல்லாயி. “ஆனா மெசின்ல தனியாப் படுக்கப் பயமா இருக்குது. நீங்களும் எடுத்தா எடுக்கறேன்.”

எடுத்தார்கள். முடிவைச் செல்லாயிதான் போய்க் கேட்டு வந்தாள். “எனக்குத் தேஞ்சிருக்குதாமுங்க. நீங்களும் கூடவே மாத்திரை போட்டுக்கிட்டா நல்லதாம். டாக்டர் உங்க பேருக்கும் எழுதிக் குடுத்திருக்காரு.”

பெண்டாட்டியை அதட்ட இவருக்குச் சொல்லியா தர வேண்டும்? காலையில் நடை, பத்து மணிக்கு வெயில், ராத்திரி பால். அவளை விரட்டிக்கொண்டு இவரும் பின்னாலேயே.

மாதா மாதம் சௌமியா போன் வரும். “வணக்கங்கய்யா, நடக்கறீங்களா? மாத்திரை விடாமப் போடறீங்களா?”

“நான் இருக்கறப்ப அவ தப்பிக்க முடியுமாம்மா!”

போன மாதம் அதே கொட்டகையில் மறுபடி வழுக்கி மல்லாக்க விழுந்தார். வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“பாத்தயா, இது எலும்பு! நீ உழுந்திருந்தா நொறுங்கியிருப்ப!”

செல்லாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பயந்துவிட்டாள் பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

நேற்று மறு ஸ்கேன். சௌமியா முகமெல்லாம் பல்.

“ஜெயிச்சுட்டோமுங்கய்யா! ஒரு வருசத்துல ஒரு முறிவு இல்ல. எலும்பும் நல்லாத் தேறியிருக்குது!”

தங்கசாமி மீசையை முறுக்கினார். “நான் வெரட்டுன வெரட்டு அப்புடி!”

சௌமியா செல்லாயியைப் பார்த்தாள். “இனிச் சொல்லிரலாங்களாம்மா?”

செல்லாயி தலையாட்ட, புது ரிப்போர்ட்டும் போன வருட ரிப்போர்ட்டும் அவர் கைக்கு வந்தன.

“பேரு மாத்திப் போட்டிருக்கீங்களே. தங்கசாமின்னு இருக்குது?”

“சரியாத்தாங்க இருக்குது.”

“போன வருசத்துதுலயும் எம் பேருதான் இருக்குது! அப்ப இவளுக்கு?”

“அம்மாவுக்கு எலும்பு அப்பவே இரும்புங்கய்யா. அவங்க போட்டது வெறும் சத்து மாத்திரை.”

தங்கசாமி ரிப்போர்ட்டைப் பார்த்தார். மெல்லத் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் தோள் குலுங்கியது.

“அடிப்பாவி! அப்ப இந்த ஒரு வருசமா நான் வெரட்டுனது என்னையத்தானா?”