மனிடோபா நேரம்

பொழுது சாய்ந்து ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அறுத்த கோதுமைத் தாளின் வாசனை முற்றத்தில் நிற்கிறது. லார்ன் நேற்று பழசாக வாங்கி வந்த, தானே கோளைத் தேடித் திரும்பும் கணினித் தொலைநோக்கி, சனியைக் காட்டுவதாகச் சொல்லி முனகித் திரும்பி, பக்கத்துப் பண்ணையின் உயரமான தானியத் தொட்டியைப் பார்த்து நிற்கிறது. சனியோ தொட்டிக்கு மேலே, வெறும் கண்ணுக்கே மஞ்சளாகத் தெரிகிறது. “முப்பது வருஷமா நானே கையால பிடிச்சேன். இந்தக் கழுதைக்குக் கண்ணு தெரியல,” என்கிறார் லார்ன். அந்த வலது கை இப்போது கோட்டுப் பைக்குள் இருக்கிறது. இரண்டு வருடமாக அது பழைய தொலைநோக்கிக் குழாயைத் தொட்டாலே உள்ளே தெரியும் சனியும் சேர்ந்து நடுங்கியது. மனைவி ஆர்டித் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சை அடித்து, தொலைநோக்கியை இயக்கும் கைக்கருவியின் திரையைப் படிக்கிறாள். “இதை வித்தவன் பக்கத்து மாகாணத்து மனிடோபாக்காரன்தானே? கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வைக்கிற கூட்டம். நம்ம சஸ்காச்சுவான்ல எவன் தள்ளுறான்? இதுல கோடை நேரம்னு இன்னும் போட்டிருக்கு பாரு, ஒரு மணி நேரம் தப்பா வானத்துல தேடுது. கழுதைக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, வாங்கினவனுக்குத்தான் கண்ணாடி வேணும்.” அவள் அதை மாற்றி, பொத்தானை அழுத்துகிறாள். குழாய் முனகிக்கொண்டே மெல்ல மேலேறி நிற்கிறது. லார்ன் குனிகிறார். கை பைக்குள்ளேயே இருக்கிறது. “தெரியுதா?” என்கிறாள் ஆர்டித். அவர் கண்ணை எடுக்காமலே சொல்கிறார்: “ஆடல, ஆர்டித். ஆடவே இல்ல.”