கிணற்றுச் சாவி

"அடுத்தவக எழுதுனதுல குத்தம் கண்டுபிடிக்கத்தானே ஒனக்குச் சம்பளம்? இதுல என்ன இருக்குன்னு சொல்லு."

கோட்டைச்சாமி மோட்டார் ரூம் வாசலில் நின்று மகளை அவசரப்படுத்தினார். கோயம்புத்தூர் கம்பெனியில் பிறர் எழுதும் கோடிங்கைச் சரிபார்ப்பவள் அனுஷ்கா. லேப்டாப்பை மடியில் வைத்து வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் தம்பி இருவர் தோப்புக்கும் ஒரே கிணறு. ஆளுக்குப் பாதி நாள் தண்ணீர். சாவி மட்டும் மூத்தவர் கோட்டைச்சாமி இடுப்பில். இனி மோட்டார் முறைப்படி தானாக ஓடி நிற்க, தம்பி சுருளியாண்டியின் மகள் மகாலட்சுமி கோடிங் எழுதியிருந்தாள். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாளாம். அதுவே கோட்டைச்சாமிக்கு எரிச்சல்.

"கடைசித் தென்னைக்கு அடி நனைஞ்சிருச்சான்னு பார்த்து மோட்டாரை நிறுத்துறவன் நான். வீடியோவுக்குத் தெரியுமா அது?"

"ஒரு இடத்துல உதைக்குதுப்பா," என்றாள் அனுஷ்கா. "ஒரு தோப்புக்கு மட்டும் அரை மணி நேரம் கூடப் போகுது. அது வந்து..."

"வந்துமில்ல, போயுமில்ல. நான் நெனச்சதுதான்."

தம்பியையும் மகளையும் வரச் சொல்லி ஆள் விட்டார். சாட்சிக்குப் பக்கத்துத் தோப்பு அழகுமலையையும் கூப்பிட்டார். அனுஷ்கா இரண்டு தடவை வாயைத் திறந்தாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே என்று அடக்கிவிட்டார்.

எல்லோரும் வந்ததும் நெஞ்சை நிமிர்த்தினார். நம் வம்சத்தில் அடுத்தவன் முறைத் தண்ணீரைத் தொட்டவன் இல்லை என்றார். எவன் கண் பட்டதோ, இப்போது வீட்டுக்குள்ளேயே திருட்டு என்று பல்லைக் கடித்தார்.

"கூடுதல் தண்ணி எந்தத் தோப்புக்குப் போகுதோ, அந்த வீட்டுக்காரன் இனி கிணத்துச் சாவியைத் தொடக் கூடாது. எங்கப்பன் மேல சத்தியம். சம்மதமாலே?"

சுருளியாண்டி தரையைப் பார்த்தபடி, "சரிண்ணே," என்றார்.

"இப்பச் சொல்லுத்தா."

அனுஷ்கா லேப்டாப்பை மூடினாள். "நம்ம தோப்புக்குத்தாம்ப்பா."

அழகுமலை தொண்டையைச் செருமினார். கோட்டைச்சாமி தம்பி மகள் பக்கம் பாய்ந்து திரும்பினார்.

"என் பேரைக் கெடுக்கவா இப்படி எழுதுன?"

"இல்ல பெரியப்பா," என்றாள் மகாலட்சுமி. "முறைன்னா பெரியப்பா முறைதான், அவுகளைப் பார்த்து எழுதுன்னு அப்பா சொன்னாக. கோடை முழுக்க நீங்க மோட்டாரை நிறுத்துற நேரத்தைப் பார்த்து, அதைத்தான் அப்படியே எழுதுனேன்."