முன்சக்கரத்து எலுமிச்சம்பழம்

பூஜை முடிந்து, மாலையும் சந்தனமுமாகக் கோயில் வாசலில் நின்றிருந்தது அந்தப் புது மின்சாரக் கார். ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஓர் எலுமிச்சம்பழம்.

கார் வாங்கிய ஜெயசுதா, இன்சூரன்ஸ் ஏஜென்ட்டிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "பேட்டரிக்குன்னு தனியா எதுக்குங்க? அதை எடுத்துடுங்க. இருக்கிறதுலயே கம்மியானதா போடுங்க."

காரின் முகப்பு விளக்குகள் மங்கின.

"நல்ல நாளும் அதுவுமா ஏன் இப்படி நிக்கிறே?" என்றது முன்சக்கரத்துப் பழம்.

"என் உயிரே அடியில இருக்கிற பேட்டரிதான். தண்ணி புகுந்தா நான் அவ்வளவுதான். அதுக்குப் போய் வேண்டாம்னுட்டாங்களே."

"பயப்படாதே. உனக்கு வர்றது எனக்கு வரட்டும்னுதான் என்னை இங்க வெச்சிருக்காங்க. நான் பார்த்துக்கறேன்."

காருக்கு மனசு கொஞ்சம் தேறியது. "கூடவே வருவியா?" என்று கேட்டது.

பழம் பதில் சொல்வதற்குள் ஜெயசுதா காரை நகர்த்தினாள். சத்தமே போடாமல் ஓடும் கார் அது. அதனால் பழம் நசுங்கிய சத்தம் அதற்கு நன்றாகவே கேட்டது.

தெருமுனைச் சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீர் இன்னும் வடியவில்லை. ஜெயசுதா ஒரு நொடி தயங்கினாள்.

"அதான் பூஜை போட்டாச்சே" என்று காரை அதில் இறக்கினாள்.