புளி மண்டியில் ஒரு ஜப்பான்காரர்

மேளச் சத்தம் கேட்டதும் பொன்னுரங்கம் சோற்றுக் கையோடு புளி மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கினார்.

"இன்னா பாய் அது? தண்டோராவா?"

"கல்யாண ஊர்வலம். நீ சாப்டு" என்றார் அப்துல் ஜலீல்.

நெருக்கடி நிலையின்போது, போன கோடையில், கூலி உயர்வுக்கு ஆள் திரட்டிய பொன்னுரங்கத்தைப் போலீஸ் தேடியது. பள்ளிக்கூடச் சிநேகிதராயிற்றே என்று ஜலீல் தன் கள்ளக்குறிச்சி மண்டியின் கிடங்கில் ஒளித்து வைத்தார்.

அன்றைக்கு அவருக்குத் தைரியம் கொடுத்தவர் ஒரு ஜப்பான்காரர். தத்துவவாதி. பி.ஏ. படிக்கும்போது ஜலீல் அவர் புத்தகங்களில் மயங்கிக் கிடந்தார். சாவுக்கு அவ்வளவாகப் பயப்பட வேண்டியதில்லை என்று அந்த மனிதர் எழுதியிருந்ததைப் பொன்னுரங்கத்திடமும் சொல்லிச் சிரித்தார்.

சிரிப்பெல்லாம் ஒரு வாரம்தான்.

அந்த ஜப்பான்காரர் செத்த விதம் அப்புறம்தான் ஜலீலைப் பிடித்துக்கொண்டது. போலீஸிடமிருந்து தப்பி வந்த நண்பருக்கு இடம் கொடுத்தார் என்று சிறையில் போட்டார்கள். உலகப்போர் முடிந்தது. ஜப்பான் தோற்றது. அவரை வெளியே விட யாருக்கும் தோன்றவில்லை. உடம்பெல்லாம் சிரங்கு பிடித்து உள்ளேயே போய்ச் சேர்ந்தார்.

ஒளிந்தவர் பிழைத்துக்கொண்டார். ஒளித்தவர்தான் செத்தார்.

இப்போது கிடங்குக் கதவைத் திறக்கும் முன் ஜலீல் தெருவை இரண்டு தரம் பார்க்கிறார். கல்வராயன் மலையிலிருந்து புளி இறங்கும் பருவம். இந்த வருஷம் அவர் ஒரு வண்டி கூட எடுக்கவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு எலித் தொல்லை என்கிறார்.

"நான் மாட்டிக்கினாலும் உன் பேரு என் வாயில வராது பாய்" என்றார் பொன்னுரங்கம்.

ஜலீல் தலையாட்டிவிட்டுத் தட்டோடு வெளியே வந்தார். பூட்டினார். ஒரு முறை இழுத்தும் பார்த்தார்.

மேளம் மண்டி வாசலுக்கே வந்திருந்தது. நெருக்கடி நிலை போய்விட்டது. சிறையிலிருந்து வந்தவர்களை மாலையும் கழுத்துமாகத் தோளில் தூக்கிவந்தார்கள். போன வாரமும் இப்படித்தான் வந்தார்கள். அன்றைக்கும் ஜலீல் கல்யாணம் என்றுதான் சொன்னார்.

போர் முடிந்த பிறகுதானே அந்த ஜப்பான்காரர் செத்தார்!

பொன்னுரங்கத்தின் மனைவி ஆயம்மாள் ஊர்வலத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, கையில் மாலையோடு மண்டிப் படியேறினாள்.

"எங்க வூட்டுக்காரர மட்டும் எந்த ஜெயில்ல போட்டாங்கன்னே தெரியலிங்களே பாய்."

மேளம் தெருவைத் தாண்டிப் போனது. கிடங்கிலிருந்து ஒரு இருமல் கேட்டது.

ஜலீல் அவசரமாக, அதைவிடச் சத்தமாக இருமினார்.