நொண்டும் நாய்

"முள்ளுமில்ல, புண்ணுமில்ல. ஒரு மாசமா ஏன்டா உன் நாய் நொண்டுது?"

தடியூன்றி நொண்டி நொண்டி வந்த மண்டோர் ரெங்கசாமி, நாயின் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் அவர்தான், போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பெயர் எழுதுகிறவர்.

"தெரியலைங்க மண்டோரே" என்றான் சங்கிலிமுத்து.

மண்டோர் கருவாட்டுத் துண்டொன்றை வீசினார். நாய் நாலு காலில் பாய்ந்து கவ்வியது, நொண்டிக்கொண்டே திரும்பியது.

"யாரைப் பாத்துடா பழகுச்சு?"

சங்கிலிமுத்து காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். பால் வெட்டும் கத்தி பட்டதாகச் சொல்லி, சயாமுக்குத் தப்ப ஒரு மாதமாக நொண்டிய அவன் காலில் சுற்றியிருந்த துணிக்குள் ஒரு கீறல்கூட இல்லை.

"நாளைக்குக் கோலா பிலாவுலேருந்து ஜப்பான்காரன் ஆள் புடிக்க வரான். நாயை உள்ள கட்டிப் போடு. என் நாயும் இப்படித்தான் என்னைக் காட்டிக்குடுக்கப் பாத்துச்சு."

மண்டோர் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.